சூட்டில் சுருங்கிய கோடு

பேச்சிமுத்து சார் அன்றைக்குக் கையில் கொண்டுவந்தது ஒரு பெரிய தப்பு. ஆனால் அவர் முகத்தைப் பார்த்த யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்த பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டே பியூலா மேடத்தின் அறைக் கதவைத் தட்டினார்.

தட்டியவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். மேடத்துக்கு இடது காது கேட்காது. கதவு இருப்பதோ அவர் நாற்காலிக்கு இடது பக்கம். மனுஷன் உள்ளே நுழைந்து, மேசையைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய் நின்று, "வணக்கம் மேடம்!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

"இந்தக் காது நல்லாத்தான் சார் கேக்குது" என்றார் மேடம்.

குரு சிஷ்யன் கதை என்றதும் குரு வயசானவர், சிஷ்யன் சின்னப் பையன் என்று நினைத்துக்கொள்வீர்கள். இங்கே அது தலைகீழ். தூத்துக்குடிக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் வேதிப் பொறியியல் பேராசிரியர் பியூலா மேடம். பேச்சிமுத்து சார் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறவர். தலை நரைக்கிற நேரத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆசைப்பட்டு அவரிடம் வந்து சேர்ந்தார். மேடத்தைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அதனால் குரு சிஷ்யனை சார் என்பார், சிஷ்யன் குருவை மேடம் என்பார். மரியாதைக்குக் குறைவே இல்லை, ஆராய்ச்சிதான் ஆமை வேகத்தில் நகர்ந்தது.

இருவரும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது ஒரு சமன்பாட்டோடு. ஒரு திரவக் கலவையை இவ்வளவு சூட்டில், இவ்வளவு அழுத்தத்தில் வைத்தால் அது எப்போது கொதிக்கும், எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று சொல்கிற சமன்பாடு அது. கொதிப்பதை அச்சுப் பிசகாமல் சொல்லிவிடும். ஆவியும் திரவமும் எந்த அழுத்தத்தில் ஒன்றையொன்று தள்ளாமல் சேர்ந்திருக்கும் என்பதையும் சொல்லிவிடும். திரவம் அடைக்கிற இடத்தைக் கேட்டால் மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொல்லும். தொட்டி கட்டுகிறவர்களுக்கு அந்தக் கொஞ்சம் பெரிய தலைவலி.

இதற்கு வைத்தியம் ரொம்ப நாளாகவே உண்டு. கடையில் எண்ணெய் நிறுக்கும்போது காலிப் பாத்திரத்தின் எடையைக் கழிப்பதில்லையா, அதே மாதிரி சமன்பாடு சொல்லும் கனஅளவிலிருந்து ஓர் எண்ணைக் கழித்துவிட வேண்டும். கலவையில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கென்று ஓர் எண். எது எவ்வளவு கலந்திருக்கிறதோ அந்தப் பங்குக்கு அதன் எண்ணைச் சேர்த்துக்கொள்ளலாம். இப்படிக் கழிப்பதால் கொதிக்கிற கணக்கு துளிகூட மாறுவதில்லை. அடைக்கிற இடம் மட்டும்தான் நகர்ந்து கொடுக்கும்.

பேச்சிமுத்து சாருக்கு அது போதவில்லை.

"ஒரே எண்ணைக் கழிச்சா ஒரு சூட்டுக்குச் சரியா வருது, இன்னொரு சூட்டுக்குப் பிசகுது மேடம். அதான் சூட்டுக்குத் தகுந்தபடி மாறுற திருத்தம் போட்டேன். ஒவ்வொரு பொருளுக்கும் அஞ்சு எண்."

அவர் கையிலிருந்த வரைபடத்தை மேடம் வாங்கிப் பார்த்தார். அளந்த புள்ளிகள் அத்தனையும் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தன.

"அட! ஒண்ணுகூட விலகலையே."

"ஒண்ணுகூட இல்ல மேடம்!"

"எந்த அழுத்தத்துல பார்த்தீங்க?"

"கொதிக்கிற அழுத்தத்துல."

"இன்னும் ஏத்திப் பாருங்க."

"எவ்வளவு மேடம்?"

"நல்லா ஏத்துங்க. அதிகச் சூட்டுக்கு ஒரு கோடு, அது சூடான கோடு. கம்மிச் சூட்டுக்கு ஒண்ணு, அது குளிர்ந்த கோடு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வரைஞ்சிட்டு வாங்க."

அவர் போனார். வரும்போது அந்தப் பழைய சிரிப்பு இல்லை. கதவைத் தட்டவும் இல்லை. இடது பக்கமே நின்றுகொண்டு முணுமுணுத்தார். மேடம் முகத்தைத் திருப்பி, வலது காதைக் காட்டி, "என்ன சார்?" என்றார்.

"ரெண்டு கோடும் வெட்டிக்குது மேடம்."

"வெட்டின இடத்துக்கு அப்புறம்?"

"ஒரே அழுத்தத்துல, சூடா இருக்கிறது குளிர்ந்து இருக்கிறதைவிடக் கம்மியான இடத்தை அடைக்குது."

"சூடு ஏறினா என்ன ஆகணும்?"

"பெருகணும்."

"உங்க கோடு?"

"சுருங்குது மேடம்."

"தண்ணிக்குப் பனிக்கட்டி ஆகுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி அந்தக் கிறுக்கு உண்டு. உங்க கலவையில தண்ணி இருக்கா?"

"இல்ல மேடம். புரொப்பேனும் ஹெக்சேனும்தான்."

"அப்ப அதுங்க மேல பழி போட முடியாது."

பேச்சிமுத்து சார் தலையைக் குனிந்துகொண்டார். பல மாத உழைப்பு. அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"ஏன் இப்படி ஆச்சு சார்?"

"சூடான பக்கம் தப்பு பெருசா தெரிஞ்சுது. அங்க நிறைய கழிச்சேன். குளிர்ந்த பக்கம் கம்மியா கழிச்சேன். அழுத்தம் ஏறினதும் ரெண்டு கோடும் நெருங்கி வருது. அப்ப நான் கழிச்ச வித்தியாசம்தான் பெருசா நிக்குது."

"ஒரு எண்ணே போதும் சார்."

"அங்கங்க தப்பு மிஞ்சுமே மேடம்."

"மிஞ்சட்டுமே."

அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. தப்பை வைத்துக்கொண்டு எப்படி ஒரு மனுஷன் நிம்மதியாகத் தூங்குவது? ஆனால் குருவிடம் வாயாட முடியுமா? சரி மேடம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

உண்மையைச் சொன்னால், அவர் மனசு அந்தக் கோட்டில் மட்டும் இல்லை. வீட்டில் வேறொரு பயம் அவரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

பேச்சிமுத்து சார் கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவர். போன வருஷம்தான் செண்பகவல்லியைக் கட்டிக்கொண்டார். தபால் ஆபீசில் வேலை பார்க்கும் செண்பகவல்லி புருஷனை இழந்தவள். அவளுக்கு ஒரே மகள், மிருதுளா, ஏழாம் வகுப்பு. கல்யாணப் பேச்சு நடந்தபோது, இறந்துபோனவரின் அண்ணன் தென்காசியிலிருந்து வந்திருந்தார். நல்ல மனுஷன். தம்பி மகள்மேல் உயிரையே வைத்திருப்பவர். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"முழுப் பரீட்சை முடியட்டும். பிள்ளைக்கு அந்த வீடு ஒட்டலைன்னா எங்க வீட்டுக்கு வந்துரட்டும். நான் வளர்க்கேன். அவகிட்டயே கேப்போம்."

அதில் தப்பு ஒன்றும் இல்லை. எல்லோரும் சரியென்றார்கள். பேச்சிமுத்து சாரும் சரியென்றார். அப்போது அவருக்கு அந்தப் பிள்ளையை அவ்வளவாகத் தெரியாது.

இப்போது தெரியும். காலையில் பாலில் ஆடை இருந்தால் மூக்கைச் சுளிப்பாள். கணக்குப் போடும்போது பேனா மூடியைக் கடிப்பாள். பாத்ரூமில் பாடுவாள், வெளியே யாராவது வந்தால் நிறுத்திவிடுவாள். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் தன்னால் இருக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. இதை யாரிடமும் சொல்லவும் இல்லை.

அந்தப் பிள்ளையோ விருந்துக்கு வந்தவள் மாதிரி நடந்துகொண்டது.

"ஃப்ரிட்ஜைத் திறக்கலாமா அங்கிள்?"

"ஃபேன் கொஞ்சம் கூட வச்சுக்கவா அங்கிள்?"

"தேங்க்ஸ் அங்கிள்."

ஒவ்வொரு தேங்க்ஸும் அவருக்கு நெஞ்சில் குத்தியது. திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

என்ன செய்வது? தனக்குத் தெரிந்த வழியைத்தான் மனுஷன் கையாள்வான். பேச்சிமுத்து சார் தினமும் பிள்ளையின் முகத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொண்டார். அவள் உம்மென்று இருந்தால் பதறிப்போய்க் கடைத்தெருவுக்கு ஓடுவார், மக்ரூன் இனிப்புப் பொட்டலத்தோடு வருவார், பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள் என்று துருவித் துருவிக் கேட்பார். அவளும் அம்மாவும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தால், நாம் குறுக்கே போய்க் கெடுக்கக் கூடாது என்று நைசாக எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவார். வாடாத செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அங்கேயே நிற்பார். உள்ளே கேட்கிற சிரிப்பில் தனக்கும் பங்கு வேண்டும் என்று இருக்கும். இருந்தாலும் உள்ளே போக மாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செண்பகவல்லி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மிருதுளா டியூஷனுக்குப் போயிருந்தாள்.

"ஒண்ணு சொன்னா வருத்தப்பட மாட்டீங்கள்ல?" என்றாள்.

"சொல்லு."

"பிள்ளை நேத்து என்கிட்ட ஒண்ணு கேட்டா."

"என்ன கேட்டா?"

"'நான் அழுதா அங்கிள் மக்ரூன் வாங்கிட்டு வந்து பக்கத்துல உக்காருதாங்க. நான் சிரிச்சா எந்திரிச்சுப் போயிருதாங்க. நான் சிரிக்கிறது அவங்களுக்குப் பிடிக்கலியாம்மா?' அப்படின்னு கேட்டா."

 பிடிக்கவில்லையா! அந்தச் சிரிப்பைக் கேட்பதற்காகவே பாலிடெக்னிக்கிலிருந்து நேராக வீட்டுக்கு வருகிறவர் அவர். அடக் கடவுளே, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நீ என்ன சொன்ன?"

"எனக்கே தெரியலையே, நான் என்னத்தைச் சொல்ல? ஏன் எந்திரிச்சுப் போறீங்க?"

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் எதுக்குன்னுதான்."

செண்பகவல்லி கீரையைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். கோபமும் பரிதாபமும் சேர்ந்து வந்தது அவளுக்கு.

"நல்லா இருக்கு நியாயம்" என்றாள்.

மறுநாள் அவர் கல்லூரிக்குப் போனபோது கையில் படம் எதுவும் இல்லை. மேடம் எதிரே உட்கார்ந்து, தென்காசிப் பெரியப்பா கேட்டதிலிருந்து கீரை ஆய்ந்தபோது நடந்த பேச்சு வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டினார். முழுப் பரீட்சைக்கு அதிக நாள் இல்லை என்றார். என்ன செய்தால் அந்தப் பிள்ளை தங்கும் என்று கேட்டார். 

மேடம் வலது காதை அவர் பக்கம் வைத்துக் கடைசிவரை கேட்டார். பிறகு, "வாங்க சார், ஒரு டீ குடிப்போம்" என்று எழுந்தார்.

கேன்டீனுக்கு வெயிலில் நடந்து போக வேண்டும். பேச்சிமுத்து சார் முதலில் இடது பக்கம் நடந்தார். ஞாபகம் வந்ததும் பின்னால் சுற்றி வலது பக்கம் வந்தார். எதிரே மாணவர்கள் கூட்டமாக வரவும் ஒதுங்கி மறுபடி இடது பக்கம் போனார். பிறகு குற்ற உணர்ச்சியோடு திரும்பவும் ஓடிவந்தார்.

மேடம் சிரித்துவிட்டார். "நீங்க நடக்கிறதைப் பார்த்தா எனக்குத் தலை சுத்துது சார்."

"மன்னிச்சிருங்க மேடம்."

"எங்க வீட்டுக்காரர் நடந்தா எனக்கு வலது பக்கம்தான் நடப்பார்."

"பாசக்கார மனுஷன் மேடம்."

"பாசமா? நல்லாக் கேட்டீங்க. போன வாரம் பூரா எங்களுக்குள்ள பேச்சுவார்த்தையே கிடையாது. அவர் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு நான் போகலைன்னு அவருக்குக் கோபம். கோபப்பட்டதுக்கு எனக்குக் கோபம். நேத்து சர்ச்சுக்கு நடந்தே போனோம். போற வழி முழுக்க ஒரு வார்த்தை இல்ல. ஆனா வலது பக்கம்தான் வந்தார்."

"பேசவே போறதில்லைன்னா எந்தப் பக்கம் வந்தா என்ன மேடம்?"

"நானும் அதைத்தான் சர்ச் வாசல்ல வச்சு அவர்கிட்ட கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"'நீ திரும்பினா ஆள் இருக்கணும்ல'ன்னார். சொல்லிட்டு மறுபடியும் பேச்சை நிறுத்திட்டார்."

பேச்சிமுத்து சாருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை.

"சண்டை போடணும்னாலும் வலது பக்கம் வந்து நின்னுதான் சார் போடுவார். மத்தவங்க அப்படி இல்ல. என்மேல பாவப்படுற அன்னிக்குக் காது கிழியக் கத்துவாங்க. மறந்துபோன அன்னிக்கு இடது பக்கம் நின்னு முணுமுணுப்பாங்க. எல்லாரும் நல்லவங்கதான். ஆனா எனக்குத்தான் எப்ப எந்தப் பக்கம் திரும்பணும்னு தெரியாம கழுத்து வலிச்சுப் போகும்."

"நானும் அப்படித்தானே மேடம் செய்றேன்?"

"நீங்களும்தான் சார்" என்றார் மேடம். "டீயைக் குடிங்க, ஆறுது."

அவர் குடித்தார். 

அன்றைக்குச் சாயங்காலம் மிருதுளா ஹாலில் மேசையில் படித்துக்கொண்டிருந்தாள். பேச்சிமுத்து சார் தன் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையின் மறுமுனையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். சூட்டுக்குத் தகுந்தபடி மாறுகிற அந்த ஐந்து எண்களையும் தூக்கிக் கடாசிவிட்டு, பொருளுக்கு ஓர் எண் என்று வைத்து முதலிலிருந்து கணக்கைத் தொடங்கினார். பிள்ளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நான் வேற ரூமுக்குப் போகவா அங்கிள்?" என்றது.

"வேண்டாம்மா. நான் இங்க வேலை பார்ப்பேன். நீயும் இங்கயே படி."

மறுநாளும் அதே நாற்காலி. அதற்கு மறுநாளும் அதே நாற்காலி. சமையற்கட்டிலிருந்து செண்பகவல்லி ஏதோ சொல்ல, பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள். பேச்சிமுத்து சாருக்குப் பழக்க தோஷத்தில் கால் கொல்லைப் பக்கம் இழுத்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன சிரிப்பு என்று அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் கொஞ்சம் சிரித்து வைத்தார்.

இன்னொரு நாள் பிள்ளை அழுத முகத்தோடு வந்தாள். சிநேகிதியோடு சண்டை. அவருக்குக் கடைத்தெருவுக்கு ஓட வேண்டும் போலிருந்தது. அன்றைக்கு அங்கேயே உட்கார்ந்திருந்ததுதான் ரொம்பக் கஷ்டம். கண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது லேசான காரியமா?

கொஞ்ச நேரம் கழித்து மிருதுளாவே கேட்டாள். "மக்ரூன் இல்லையா அங்கிள்?"

"சனிக்கிழமை வாங்குவேன்மா."

"நான் இன்னிக்கு அழுதேனே!"

"பார்த்தேன். சனிக்கிழமை வாங்குவேன்."

அவள் முகத்தில் ஒரு திகைப்பு. அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பாடத்தைத் திறந்தாள். சொன்னபடி சனிக்கிழமை மக்ரூன் வந்தது. அடுத்த சனிக்கிழமையும் வந்தது. அன்றைக்கு அவள் நல்ல சந்தோஷத்தில் இருந்தாள், அப்போதும் வந்தது.

பரீட்சை நெருங்க நெருங்கப் பிள்ளைக்குக் கோபம் கூடியது. ஒரு நாள் பேனாவை விட்டெறிந்தாள்.

"நீங்க இங்க உக்காந்திருந்தா எனக்குப் படிக்கவே வரல! எந்திரிச்சுப் போங்க!"

பேச்சிமுத்து சார் வெலவெலத்துப் போனார். முடிந்தது கதை, தென்காசிக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தார். எழுந்துவிடலாம் என்று கைகூட மேசையில் ஊன்றியது.

"உனக்குத் தொந்தரவா இருந்தா நீ உள்ள போய்ப் படிம்மா. நான் இங்கதான் இருப்பேன்" என்றார். 

அவள் படாரென்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள். அவர் அதே வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். ஓர் எழுத்தும் மண்டையில் ஏறவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. பிள்ளை ஒன்றும் சொல்லாமல் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். பேனா எங்கே விழுந்தது என்று தேடினாள். அவர் குனிந்து எடுத்துக் கொடுத்தார். தேங்க்ஸ் என்று அவள் சொல்லவில்லை என்பதை அவர் கவனிக்கக்கூட இல்லை.

பரீட்சைக்கு முந்தின வாரம் அவர் வரைந்துகொண்டிருந்த படத்தை மிருதுளா எட்டிப் பார்த்தாள்.

"இது என்ன கோடு?"

"இது சூடான கோடு. இது குளிர்ந்த கோடு."

"புள்ளியெல்லாம் கோட்டு மேல இல்லையே. அங்க பாருங்க, அந்த ஓரத்துல எவ்வளவு தள்ளி நிக்குது! தப்புதானே?"

"கொஞ்சம் தப்புதான்."

"அப்ப அழிச்சிட்டு ஒழுங்காப் போடுங்க."

"வேண்டாம்மா. இப்படியே இருக்கட்டும்."

பிள்ளை உதட்டைப் பிதுக்கினாள். இந்த மனுஷனுக்கு யார் வேலை கொடுத்தார்கள் என்று நினைத்திருப்பாள்.

பரீட்சை முடிந்தது. தென்காசிப் பெரியப்பா சொன்ன சொல் தவறாமல் வந்தார், ஒரு பை நிறைய மாம்பழத்தோடு. சாப்பிட்டு முடித்ததும் மிருதுளாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். செண்பகவல்லி சமையற்கட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். பேச்சிமுத்து சார் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேசை விரிப்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எப்படிளா இருக்கு இங்க? உள்ளதைச் சொல்லு. யாருக்கும் பயப்படாத."

மிருதுளா பேச்சிமுத்து சாரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஒரு பெரிய பெருமூச்சு விட்டாள்.

"ரொம்ப போர் பெரியப்பா."

பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"போரா?"

"ஆமா. இவங்க இருக்காங்கள்ல, எப்பப் பார்த்தாலும் அந்த நாற்காலிதான். சிரிச்சா அந்த நாற்காலி. கத்தினா அந்த நாற்காலி. சனிக்கிழமைன்னா மக்ரூன். அதுவும் அதே கடை, அதே மக்ரூன். வேற ஏதாச்சும் வாங்குங்கன்னாலும் கேக்க மாட்டாங்க. செம போர்."

பெரியப்பா பேச்சிமுத்து சாரைப் பார்த்தார். அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"சரி, அப்ப பெட்டியக் கட்டு. சாயங்காலம் பஸ்ஸுக்குப் போயிருவோம். அடுத்த வருஷம் அங்கயே படிக்கலாம்."

"ஏன்?" என்றாள் மிருதுளா.

"போர்ங்கியே."

"அதுக்காக? நான் எதுக்கு வரணும்? லீவுக்கு வாரேன், ஒரு வாரம் இருக்கேன். எனக்கு இங்க ஸ்கூல் இருக்குல்ல!" என்று சொல்லிவிட்டு, யாரையும் கேட்காமல் ஃப்ரிட்ஜைத் திறந்து மாம்பழத்தை உள்ளே அடுக்கத் தொடங்கினாள்.

செண்பகவல்லி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பெரியப்பா சிரித்துக்கொண்டே எழுந்தார். பிறகு பேச்சிமுத்து சாரின் தோளை ஒரு தட்டுத் தட்டினார்.

மறுநாள் பேச்சிமுத்து சார் புதிய படங்களோடு கல்லூரிக்குப் போனார். கதவைத் தட்டவில்லை. நேராக உள்ளே போய் வலது பக்க நாற்காலியில் உட்கார்ந்து, சாதாரணக் குரலில் வணக்கம் சொன்னார். மேடம் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அழுத்தம் எவ்வளவு ஏத்தினீங்க?"

"தாங்குற மட்டும் ஏத்திட்டேன் மேடம். எங்கயும் வெட்டிக்கல."

"இந்த ஓரத்துல விலகி நிக்குதே."

"ஆவியும் திரவமும் ஒண்ணாகப்போற இடம் மேடம் அது. அங்க ஒரு எண் பத்தாது. விலகுது, அதை அப்படியே காட்டியிருக்கேன்."

"நல்லது. ஆய்வேட்டை எழுத ஆரம்பிங்க."

அவர் எழுந்திருக்கவில்லை.

"வேற என்ன சார்?"

பேச்சிமுத்து சார் பெரியப்பா வந்ததைச் சொன்னார். பிள்ளை தங்கிவிட்டாள் என்று சொல்லும்போது முகமெல்லாம் மலர்ந்தது. அடுத்த நிமிஷமே வாடியும் போனது.

"ஆனா என் மூஞ்சிக்கு நேராவே போர்னு சொல்லிட்டா மேடம். வந்த ஆள் முன்னாடி. ராத்திரி பூரா அதே நினைப்புத்தான்."

மேடம் படங்களை அடுக்கி ஓரமாக வைத்தார்.

"எனக்கும் வயசாச்சு, பிள்ளைங்க கூடப் பழகத் தெரியல. நாற்காலியை அப்படியே வச்சுக்கிட்டு, வேற எதுலயாவது ஒரு சின்னத் திருத்தம் போட்டுப் பார்க்கவா மேடம்? ரொம்ப இல்ல, ஒரே ஒரு சின்னது."

பியூலா மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

"சார், விருந்துக்குப் போன வீட்ல எந்தப் பிள்ளையாவது வீட்டுக்காரர் மூஞ்சியப் பார்த்து போர் அடிக்குதுன்னு சொல்லுமா?"